மூன்றாம் நம்பர் டப்பா

எல்லோரும் விடுமுறைக்குப் போனால் பெட்டி கட்டுவார்கள். லிஸ்ட்டுக்காரர் சரக்கு ஏற்றுவார். வண்டி உதிரிப் பாகங்கள் வைக்கும் கிடங்கில் முப்பது வருடமாகப் பொறுப்பாளராக இருப்பவர் அவர். எந்தத் திருகாணி எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அந்தச் சாமர்த்தியம் கிடங்கோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அது சாயங்காலம் அவர் கூடவே கிளம்பி வீட்டுக்கும் வந்துவிடும். சொந்தக்காரர்கள் சும்மாவா அவருக்கு லிஸ்ட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள்?

மலைமேல் ஏரிக்கரையில் ஒரு வீட்டை நாலு நாளைக்கு எடுத்திருந்தார்கள். வந்தது நாலு பேர்தான். அவர், அவர் மனைவி, மகள், மனைவியின் அண்ணன். மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வண்டியை அவர்தான் ஓட்டி வந்தார். அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை அமுக்கும்.

வீட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் லிஸ்ட்டுக்காரர் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். ஆறு மணி மாத்திரை. ஏழு மணி குளியல். எட்டு மணி வெளியே. மாத்திரைகளுக்கு என்று புதிதாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி, அட்டையிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டி, மூடியில் நம்பர் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒன்று தலைவலிக்கு, இரண்டு வயிற்றுக்கு, மூன்று மனைவியின் தைராய்டுக்கு, நான்கு அவருடைய சர்க்கரைக்கு. அட்டையோடு கொண்டுவந்தால் என்ன குறைந்துபோகும் என்று மகள் கேட்டாள். பையில் இடம் எவ்வளவு மிச்சம் என்று அவர் அங்குலக் கணக்கில் சொல்ல ஆரம்பித்ததும் அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் காலை பத்து மணி வாக்கில் மனைவிக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, வேர்த்தது. தெருமுனைக் கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்ததும் சரியாகிவிட்டது. "மலைக் காத்து ஒத்துக்கலை போல" என்றார் மச்சான். லிஸ்ட்டுக்காரருக்கும் மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்து மாளவில்லை, குடித்ததை இறக்கி வைத்தும் மாளவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் கழிப்பறைகளைத்தான் சுற்றிப் பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் விவகாரம். ஏரிக்கு மேலே இருந்த மேட்டுக்கு ஏறிப் போய்ப் பார்க்கலாம், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது தாளில் இருந்த ஏற்பாடு. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டுமாம். பாதி வழியில் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை. மகள் கையைப் பிடித்தால் உதறினாள். ஜென்மத்தில் யாரையும் அதட்டிப் பேசாதவள், "விடுடி, யார் நீ" என்றாள். நாக்கு குழறியது. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

"வாதம்தான். எனக்குத் தெரியும், எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு" என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அறுபது வயதில் அந்த மனிதர் எப்படித் தூக்கினார் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை. லிஸ்ட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாளில் இதற்கு ஒரு வரி இல்லை. முன்னால் போய்க் கிளைகளை விலக்கி விட்டார், அவ்வளவுதான்.

கீழே நிறுத்தியிருந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடைத்தெரு முடிவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. கீழே பத்துக் கட்டில், மாடியில் பல் டாக்டர். நர்ஸ் கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னால் மனைவியின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். பார்த்துவிட்டு உள்ளே பார்த்து, "டாக்டர், நாப்பத்தி ஒண்ணு" என்றார். மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், அந்த டாக்டரம்மா அவசரமே படாமல் வேகமாக வந்தார். கையில் நரம்பு பிடித்துக் க்ளுக்கோஸை ஏற்றினார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்காது, மனைவி கண்ணைத் திறந்து, "செருப்பு எங்க?" என்று கேட்டாள். ஒரு செருப்பு மேட்டிலேயே கிடந்தது.

வாதம் இல்லை, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்றார் டாக்டர். "உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கா?"

"கிடையாது. எனக்குத்தான் இருக்கு. அவளுக்குத் தைராய்டு மட்டும்" என்றார் லிஸ்ட்டுக்காரர். டாக்டர் கேட்டது மனைவியைப் பார்த்துத்தான். ஆனாலும் பதில் இவரிடமிருந்துதான் வந்தது. எங்கே போனாலும் அப்படித்தான் வரும்.

"காலையில சாப்பிட்டாங்களா?"

"இல்லை. ஏறிட்டு வந்து சாப்பிடலாம்னு..."

"வெறும் வயித்துல மலை ஏறினா சில பேருக்கு இறங்கும். ஆனா இவ்வளவு இறங்காது" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அந்தத் தைராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொண்டு வாங்க. என்ன அளவுன்னு பார்த்துக்கறேன்."

மருந்துப் பை வண்டியில் இருந்தது. அதுவும் தாளில் உள்ளபடிதான், வெளியே போகும்போது பை கூடப் போகும். லிஸ்ட்டுக்காரர் வாசலுக்கு வந்து வண்டிக் கதவைத் திறந்து, டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே என்று படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நம்பர் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

வெள்ளை, வட்டம், சின்னது. நடுவில் ஒரு கோடு.

தைராய்டு மாத்திரையில் கோடு கிடையாது. கோடு இருப்பது அவருடைய மாத்திரையில். நான்காம் நம்பரைத் திறந்தார். அதில் இருந்தவை மொழுமொழுவென்று இருந்தன. மூன்று நாளாகக் காலை ஆறு மணிக்கு, கண்ணாடி போடாமல், அரைத் தூக்கத்தில், தன் கையாலேயே மனைவிக்குத் தன் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவளுடையதைத் தான் விழுங்கியிருக்கிறார். நாக்கு வறண்டதற்கு மலைக் காற்றைக் குறை சொல்லியாகிவிட்டது.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம்பரை அவர் மூடியில் எழுதியிருந்தார். டப்பாவின் வளைந்த பக்கத்தில் மை ஒட்டவில்லை, மேலிருந்து பார்த்தால் மூடிதானே தெரியும் என்று எழுதிவிட்டார். வீட்டில் டப்பாக்களை வரிசையாக நிரப்பி வைத்திருந்தபோது கிடங்கிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மூடிகளைப் போட்டார். கிடங்கில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே நிற்கவைத்து அவர் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. மூடி இடம் மாறும், டப்பா மாறாது, நம்பரை டப்பாவில் எழுது. போன மாதம் இதே தப்புக்கு ஒருவனை எல்லார் எதிரிலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவர் இவர்.

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு டப்பாக்களையும் மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

உள்ளே போனபோது நடைபாதையில் மகளை மச்சான் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கையால் இல்லை, வாயால். "உங்களுக்கெல்லாம் போட்டோ எடுக்கணும். அதுக்கு அந்த மேட்டுக்கு ஏறணும். அம்பத்தி நாலு வயசுக்காரியைப் பட்டினி போட்டு ஏத்தியிருக்கே. இந்த இடத்தையே நீதானே பிடிச்சே?" மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடு ஏறுகிற யோசனை யாருடையது என்று அவளுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் மாமா மாப்பிள்ளையைத் திட்ட மாட்டார். மருமகளைத் திட்டலாம், அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் அப்பாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான் குரலை இறக்கி. "டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இப்ப நூத்தி முப்பது இருக்காம். ஒரு மணி நேரம் பார்த்துட்டு, சாப்பாடு குடுத்து அனுப்பறேன்னாங்க. நாளைக்குக் கிளம்பறதை இன்னைக்கே கிளம்பிடலாம். அஞ்சு மணி நேரத்துல வீடு. நம்ம டாக்டரைப் பார்த்துக்கலாம்."

லிஸ்ட்டுக்காரருக்கு அது கேட்க எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. சர்க்கரை ஏறிவிட்டது. ஆபத்து தாண்டிவிட்டது. நாளைக் காலையிலிருந்து மாத்திரையைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும். மூடியை மாற்றிப் போட அரை நிமிடம். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. மச்சான் வாயில் விழ வேண்டாம், கல்யாண வீடுகளில் பத்து வருடத்துக்குச் சிரிக்க மாட்டார்கள். மகளைக்கூட ஊருக்குப் போய்ச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம், ஏதாவது வாங்கிக் கொடுத்து.

இத்தனையும் யோசித்தவர் கால் மட்டும் வெளியே போகாமல் டாக்டர் அறைக்குப் போனது. மேஜையில் இரண்டு டப்பாக்களையும் வைத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். பொதுவாத்தான் கேக்கறேன். சர்க்கரை இல்லாத ஒருத்தர், தெரியாம யாராவது சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுட்டா, க்ளுக்கோஸ் ஏத்தினதும் சரியாயிடும் இல்லையா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "யாராவதுன்னா யாரு சார்?"

அவர் டப்பாக்களைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளில் தவறு என்ற பத்திக்குக் கீழே எப்போதும் வேறு யாருடைய பெயராவதுதான் இருக்கும்.

"நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன். மூணு நாளா. தினம் ஒண்ணு. என் மாத்திரை அவளுக்குப் போயிருக்கு" என்றார். வாசலில் மச்சான் நிழல் தெரிந்தது. குரலை இறக்கலாமா என்று நினைத்தார், இறக்கவில்லை. "மேட்டுக்குப் போலாம்னு சொன்னதும் நான்தான். பொண்ணு இல்லை."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மாத்திரை பேர் என்ன, எத்தனை மில்லிகிராம், இன்றைக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று மூன்றே கேள்வி. பிறகு எழுந்து போய் நர்ஸிடம் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். க்ளுக்கோஸ் ஏறி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அறுபத்தி மூன்று.

"பார்த்தீங்களா, திரும்ப இறங்குது" என்றார் டாக்டர். "இந்த மாத்திரை ஒரு நாள் முழுக்க உடம்புல வேலை செய்யும். நாம ஏத்த ஏத்த அது இறக்கிட்டே இருக்கும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை பார்க்கணும்."

"வண்டியில போயிருந்தா?" என்று கேட்டது மச்சான். கேட்டவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"பின்சீட்டுல சாஞ்சு தூங்கியிருப்பாங்க. களைப்புல தூங்கறாங்கன்னு நீங்களும் எழுப்பியிருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுப் புது பாட்டிலை மாட்டப் போனார்.

நடைபாதையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மச்சானின் வலது கால் தரையை அமுக்கியபடி இருந்தது. பிறகு அவர் மருமகள் பக்கத்தில் போய், "டீ ஏதாவது குடிக்கிறியாம்மா?" என்றார். அவர் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் சொல். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் அவர் கூடவே போனாள். போகிற வழியில் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.

நர்ஸ் லிஸ்ட்டுக்காரரை விடவில்லை. "நீங்க இப்படி உட்காருங்க சார். அப்ப உங்க மாத்திரை மூணு நாளா உங்களுக்குப் போகலைதானே?" என்று அவர் விரலையும் குத்தினார். முந்நூற்றிப் பன்னிரண்டு. "வீட்டுக்காரம்மாகிட்ட குறைஞ்சதெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தனக்கே சிரிப்பு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் அவருக்கும் ஒரு சீட்டு எழுதினார். இந்தத் தடவை மாத்திரை அட்டையோடு வந்தது.

மனைவி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். அவள் ஊரில் தையல் வகுப்பு நடத்துகிறவள். எந்த நேரமும் மூக்கில் கண்ணாடி இருக்கும், மேட்டிலிருந்து தூக்கி வந்தபோதுகூட விழவில்லை. ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் போர்வைமேல் விழுந்திருந்தது. அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். சொன்னார். டப்பா, மூடி, போன், கோடு எல்லாவற்றையும். வழக்கத்துக்கு விரோதமாக நாலே வாக்கியத்தில் முடித்தார்.

அவள் வாயில் இருந்ததை மென்று முடித்தாள். ரொட்டித் தூளை உள்ளங்கையில் கூட்டித் தட்டில் போட்டாள்.

"கோடு இருந்ததை நான் பார்த்தேன்" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்ப?"

"முதல் நாளே. நம்ம மாத்திரையில கோடு இருக்காதேன்னு நினைச்சேன்."

"நினைச்சவ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இதென்ன மாத்திரைன்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"கேக்க நேரம் ஆகாதுங்க" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குத் தையல் பிரிந்த இடத்தைக் காட்டுவது போலத்தான் சொன்னாள். "கேட்டா நீங்க விளக்கம் சொல்லுவீங்க. எப்படிப் பிரிச்சேன், எப்படி நம்பர் போட்டேன், என் கணக்கு என்னைக்குத் தப்பியிருக்குன்னு. அது முடிய அரை மணி நேரம் ஆகும். கடைசியில நான்தான் ஆமாம்னு சொல்லணும். அதுக்கு முழுங்கிடலாம்னு முழுங்கிட்டேன். மூணு நாளும் அப்படித்தான்."

அவருக்கு வாய்வரைக்கும் ஒரு விளக்கம் வந்தது. நல்ல விளக்கம்தான். அரை மணி நேரம் அப்படியெல்லாம் ஆகாது என்று அதில் ஆதாரத்தோடு நிரூபித்திருக்கலாம். அது வந்த வழியே திரும்பிப் போயிற்று. கிடங்கில் ஒருவரும் தன்னிடம் கேள்வி கேட்பதில்லை என்பதை, இத்தனை வருடமும் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை, அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நர்ஸ் வந்து விரலில் குத்தி, எண்பத்தி ஐந்து என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். அடுத்தது இரண்டு மணிக்கு.

"இதே மாதிரி," என்று ஆரம்பித்து அவர் கொஞ்சம் நிறுத்தினார். "இதே மாதிரி என்கிட்ட கேக்காம முழுங்கினது இன்னும் இருக்கா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்க்கிற பார்வை அது.

"நிறைய இருக்கு" என்றாள்.

"சொல்லு."

"எங்கேயிருந்து?"

"முதல்லேயிருந்தே சொல்லு. நாளைக்குக் காலை வரைக்கும் இங்கதானே இருக்கப் போறோம்."

"அது பத்தாதுங்க" என்றாள்.

 அவர் சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.